கம்பியும் காந்தமும் – 11: எது பவர் ஜாஸ்தி?

மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் திண்டுக்கல் இன்னிசைக் குழுக்களுக்குக் கை ஓயாது. அடுத்து வேடசந்தூர், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று கச்சேரி நீளும். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட், காலடியில் பின்னிக் கிடக்கும் வயர்கள். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிடாரை அங்கே செருகினால் பாட்டுக்கு முன்பே 'ம்ம்ம்' என்று ரீங்காரம் எழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரத்தில் அதன் இரட்டிப்பான 100-ம் சேர்ந்தே கேட்கும். கனத்த ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி 98 ஹெர்ட்ஸ். அதாவது ஜி-யைத் தொட்டும் தொடாமலும், சுருதி விலகி நிற்கிற இரைச்சல்!

இதற்கு வழி கண்டவர் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர். 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1957-ல் அவருடைய ஹம்பக்கர் லெஸ் பால் கிடாரில் ஏறியது. அருகருகே இரண்டு காயில். ஒன்றின் சுற்று மற்றதற்கு எதிர். காந்த முனையும் எதிர். வெளியே இருந்து வரும் ரீங்காரம் இரண்டிலும் எதிரெதிராகி அடிபட்டுப் போகும். கம்பியின் அதிர்வுக்குச் சுற்று, காந்தம் இரண்டுமே மாறியிருப்பதால் அது கழியாமல் கூடும். எர்த் போடாத ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும் இதற்கெல்லாம் மசியாது. அதற்கு எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.

சரி, எந்த ஹம்பக்கர்? "அண்ணே, இதுல எது பவர் ஜாஸ்தி?" என்றுதான் தம்பிமார் ஆரம்பிக்கிறார்கள். அட்டையில் கிலோ ஓம் பெரிதாக இருந்தால் அதையே எடுத்துவிடுகிறார்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரைக் கேளுங்கள்: சுற்று கூடாமலே, கம்பி மெலிந்தாலும் ஓம் ஏறும். அந்த எண்ணை மட்டும் வைத்துச் சத்தத்தை எடைபோட முடியாது.

கம்பி பிரிட்ஜ் அருகே குறைவாக ஆடும், கழுத்துப் பக்கம் தாராளமாக ஆடும். அதனால் பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுவார்கள். சேமூர் டங்கன் '59 ஜோடியில் கழுத்துக்குச் சுமார் 7.4, பிரிட்ஜுக்கு 8.1 கிலோ ஓம். அதே நிறுவனத்தின் ஜேபி 16-ஐத் தாண்டும். ஹார்ட் ராக் லீடுக்கு அருமை. நம் கிடாரிஸ்டோ கீபோர்டுக்கும் தபேலாவுக்கும் நடுவே பெரும்பாலும் சுத்தமான கார்டுதான் பிடிக்கிறார். இடையிசையில் நாலு பார் லீட் வந்தால் அதிர்ஷ்டம். சூடான பிக்கப்பில் ஆறு கம்பியையும் சேர்த்து அடித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். என் ஓட்டு '59 மாதிரி அடக்கமான ஜோடிக்கே. பிரிட்ஜில் ஜேபி போட்டே தீருவேன் என்பவர், கழுத்துப் பிக்கப் அதன் பக்கத்தில் அமுங்கிப்போகாதபடி உயரத்தைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

பணத்தை எடுக்குமுன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடைவெளி பிரிட்ஜில் 2 மி.மீ., கழுத்தில் 3 மி.மீ. என்று வைத்துத் தொடங்குங்கள். ஸ்விட்சைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே அரைத் திருகாக ஏற்றி இறக்குங்கள். ஒன்று கத்தி மற்றது முனகுவது நின்றுவிட்டால் இருக்கிற பிக்கப்பே போதும். நிற்கவில்லையா, ஜோடியாகவே மாற்றிவிடுங்கள். அப்போது உள்ளே இருக்கும் வால்யூம் பாட் 250 கே-வா 500 கே-வா என்றும் பார்க்க வேண்டும். அது அடுத்த வாரம்.