மருத்துவக் காப்பீடு: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கறவை மாடு வாங்கும்போது விலையை மட்டும் கேட்டு எந்த விவசாயியும் வாங்குவதில்லை. பல்லைப் பார்க்கிறோம், மடியைப் பார்க்கிறோம், கறந்து காட்டச் சொல்லி அளந்து பார்க்கிறோம். ஆனால் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி எடுக்கும்போது மட்டும், "வருடத்திற்கு எவ்வளவு கட்ட வேண்டும்?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறோம். குறைந்த பிரீமியம் என்று எடுத்த பாலிசி, நோய் வந்த நாளில் பாதிப் பணத்தைக்கூடத் தராமல் போவதுண்டு. அப்போது நகை அடகுக்குப் போகிறது. மாடு சந்தைக்குப் போகிறது. சில குடும்பங்களில் நிலமே கைமாறுகிறது.

பாலிசி எடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: எந்தச் சிகிச்சைக்கு? எந்த நாள் முதல்? எந்த மருத்துவமனையில்? எவ்வளவு வரை? பிரீமியம் எவ்வளவு என்பது இவற்றுக்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி. இந்த நான்கையும் எவ்வாறு கேட்டறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அரசு அட்டை இருக்கிறதா?

பணம் கட்டிப் பாலிசி எடுக்கும் முன்பு, செலவில்லாமல் கிடைக்கும் காப்பீடு உங்கள் குடும்பத்திற்கு உண்டா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டு உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2018-இல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 இலட்சம் வரை சிகிச்சை என்று விரிவாக்கப்பட்டது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000-லிருந்து 2022 ஜனவரி முதல் ரூ.1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. பிரீமியத்தை அரசே செலுத்துகிறது.

குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருவாய்த் துறையின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்திற்குச் சென்று பதிவு செய்து கொள்ளலாம். நோய் வந்த பிறகு சான்றுக்கு அலைவதைவிட, வேலை குறைந்த நாட்களில் இதனை முடித்து வைப்பது நல்லது. வீட்டில் 70 வயது நிறைந்தவர் இருந்தால், வருமானம் பாராமல் அத்தகையோருக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்திய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

இந்த அட்டையில் ஒரு செய்தியை மனதில் கொள்ள வேண்டும். பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கும், திட்டத்தில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளுக்கும் மட்டுமே இது பொருந்தும். உங்கள் ஊருக்கு அருகில் எந்தெந்த மருத்துவமனைகள் சேர்ந்துள்ளன என்று இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். வருமான வரம்பைத் தாண்டிய குடும்பங்களும், பட்டியலில் இல்லாத மருத்துவமனையையே நம்பியிருக்கும் குடும்பங்களும் சொந்தமாகப் பாலிசி எடுப்பது பற்றி யோசிக்கலாம்.

கேள்வி 1: எந்தச் சிகிச்சைக்கு?

பெரும்பாலான பாலிசிகள், குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. கண்புரை அறுவை போன்று ஒரே நாளில் முடியும் சில சிகிச்சைகள் இதற்கு விலக்கு. காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து ஊசி போட்டுக் கொள்வதற்கும், மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பொதுவாகப் பணம் கிடைக்காது. பாலிசிப் புத்தகத்தில் "விலக்குகள்" என்ற தலைப்பில் உள்ள பக்கத்தை முதலில் படியுங்கள். எதற்குக் கிடைக்கும் என்பதை ஏஜெண்டே சொல்வார். எதற்குக் கிடைக்காது என்பதை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

கேள்வி 2: எந்த நாள் முதல்?

விதைத்த மறுநாளே அறுவடை செய்ய முடியாது. பாலிசிக்கும் காத்திருப்புக் காலம் உண்டு. அது மூன்று வகைப்படும்.

முதலாவது, பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்கள். இந்நாட்களில் விபத்துக்கு மட்டுமே பணம் கிடைக்கும்.

இரண்டாவது, குறிப்பிட்ட சில நோய்களுக்கான காலம். குடலிறக்கம், கண்புரை, மூலம், சிறுநீரகக் கல், கர்ப்பப்பை நீக்கம், மூட்டு மாற்று அறுவை முதலியவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், சில பாலிசிகளில் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மூட்டை தூக்குவோருக்கும், நாளெல்லாம் குனிந்து களையெடுப்போருக்கும் வரக்கூடிய தொல்லைகள் இப்பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, பாலிசி எடுக்கும் முன்பே உள்ள நோய்க்கான காலம். இது நான்கு ஆண்டுகள் வரை இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல் முதல் இதனை அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று குறைத்துள்ளது.

ஆகவே உடம்பு நன்றாக இருக்கும்போதே பாலிசி எடுப்பதுதான் பயன் தரும். டாக்டர் அறுவைக்கு நாள் குறித்த பிறகு எடுக்கும் பாலிசி அந்த அறுவைக்கு உதவாது.

கேள்வி 3: எந்த மருத்துவமனையில்?

நிறுவனத்துடன் ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையில் சேர்ந்தால், பாலிசியில் ஏற்கப்படும் செலவை நிறுவனமே நேரடியாகச் செலுத்தும். ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நாமே கட்டிவிட்டுப் பிறகு ரசீதுகளைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். பட்டியலில் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் இருந்தாலும், இரவில் அவசரத்திற்கு நீங்கள் போய்ச் சேரக்கூடிய மருத்துவமனை அதில் இல்லாவிட்டால் அந்த வசதி உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது. உங்கள் தாலுகா, மாவட்டத் தலைநகர்களில் எவை உள்ளன என்று கேளுங்கள்.

கேள்வி 4: எவ்வளவு வரை?

"மூன்று இலட்சம் பாலிசி" என்றால் மூன்று இலட்சம் வரை எல்லாச் செலவும் கிடைத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. அறை வாடகைக்கு ஒரு வரம்பு இருக்கலாம். சில நோய்களுக்குத் தனி உச்சவரம்பு இருக்கலாம். செலவில் ஒரு பகுதியை நீங்களே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். முதியோர் பாலிசிகளில் இந்தப் பங்கு 20 சதவீதம் வரையும் அதற்கு மேலும் இருப்பதுண்டு.

இவற்றுள் பலரும் அறியாமல் சிக்குவது அறை வாடகை வரம்பாகும். கீழ்க்கண்ட கணக்கைப் பாருங்கள்.

உங்கள் பாலிசி ரூ.3 இலட்சத்திற்கு. அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு ரூ.3,000. நீங்கள் ரூ.6,000 வாடகை அறையில் 5 நாட்கள் தங்குகிறீர்கள். பில் பின்வருமாறு வருகிறது:

அறை வாடகை - ரூ.30,000
டாக்டர், அறுவைக் கூடக் கட்டணம் - ரூ.80,000
மருந்து, பரிசோதனை - ரூ.40,000
மொத்தம் - ரூ.1,50,000

கூடுதல் வாடகையான ரூ.15,000 மட்டும்தான் நம் கையிலிருந்து போகும் என்று தோன்றும். நடப்பது வேறு. வரம்பைப்போல் இரு மடங்கு வாடகை அறையை எடுத்ததால், வாடகையுடன் டாக்டர், அறுவைக் கூடக் கட்டணமும் பாதியாகக் குறைக்கப்படும். மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கு இந்தக் குறைப்பு கிடையாது. எனவே கிடைப்பது ரூ.15,000, ரூ.40,000, ரூ.40,000 ஆக மொத்தம் ரூ.95,000. உங்கள் கையிலிருந்து போவது ரூ.55,000. ரூ.3,000 அறையில் தங்கியிருந்தால், மற்றக் கட்டணங்கள் இதே அளவானாலும் ரூ.1,35,000 பில் முழுவதும் இந்தக் குறைப்பிலிருந்து தப்பியிருக்கும்.

ஆகவே அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசி சிறந்தது. வரம்பு உள்ள பாலிசியானால், சேரும்போதே வரம்புக்கு உட்பட்ட அறையைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்

2020 ஏப்ரலில் "ஆரோக்கிய சஞ்சீவனி" என்ற பொதுப் பாலிசி அறிமுகப்படுத்தப்பட்டது. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதன் நிபந்தனைகள் ஒன்றே. அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளொன்றுக்கு ரூ.5,000, ஏற்கப்படும் செலவில் 5 சதவீதம் நம் பங்கு. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது பிரீமியமும், ஒப்பந்த மருத்துவமனைப் பட்டியலும், பணம் தரும் நடைமுறையுமே. இதில் பிரீமியத்தை ஒப்பிடுவதில் பொருள் உண்டு. வேறு பாலிசிகளை ஏஜெண்டு சொன்னால், இதைவிட அது எவ்வகையில் கூடுதல், எவ்வகையில் குறைவு என்று கேளுங்கள்.

கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு ஒரே குடும்பப் பாலிசி எடுக்கலாம். குடும்பப் பாலிசியில் மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் பெரிதும் நிர்ணயிக்கப்படுவதால், வயதான பெற்றோருக்குத் தனிப் பாலிசி எடுப்பது பெரும்பாலும் சிக்கனமாக இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி நீக்கப்பட்டுள்ளது.

படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, பழைய அறுவை எதுவாயினும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். "இல்லை என்றே போடுங்கள், பிரீமியம் குறையும்" என்று யாரேனும் சொன்னாலும் கேட்க வேண்டாம். படிவத்தில் கையொப்பமிடுபவர் நீங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் நிறுவனம் பணத்தை மறுக்கலாம். 60 மாதங்கள் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று மெய்ப்பித்தாலன்றி, மறைத்ததாகக் கூறி மறுக்க முடியாது என்பது 2024 முதல் உள்ள விதி. பாலிசி கைக்கு வந்ததும் படித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் கிடைக்கும்.

பிரீமியம் கட்டும் மாதம்

பாலிசியை எந்த மாதத்தில் எடுக்கிறீர்களோ, ஆண்டுதோறும் அதே மாதத்தில்தான் புதுப்பிக்க வேண்டும். சம்பா அறுவடை செய்வோர் தை, மாசியில் எடுத்தால் ஒவ்வோர் ஆண்டும் கையில் பணம் உள்ள காலத்தில் தவணை வரும். கரும்பு, மஞ்சள் பயிரிடுவோர் தமக்குப் பணம் வரும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஆண்டுப் பிரீமியம் கட்டத் தவறினால் 30 நாட்கள் சலுகை உண்டு. ஆனால் பணம் கட்டாத அந்த நாட்களில் வரும் நோய்க்குக் காப்பீடு கிடைக்காது. சலுகை நாட்களும் கடந்துவிட்டால், பாலிசியைப் புதிதாக எடுத்துக் காத்திருப்புக் காலத்தையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

விபத்துக்குத் தனிக் காப்பு

2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், 18 முதல் 70 வயது வரையுள்ளோர் தமது வங்கிக் கணக்கு மூலம் சேரலாம். 2022 ஜூன் முதல் பிரீமியம் ஆண்டுக்கு ரூ.20. விபத்தில் இறந்தாலோ, முழு நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ ரூ.2 இலட்சம், பகுதி நிரந்தர ஊனத்திற்கு ரூ.1 இலட்சம். இது மருத்துவமனைச் செலவுக்குப் பணம் தராது. ஆகவே மருத்துவப் பாலிசிக்கு இது மாற்று ஆகாது. அதனுடன் சேர்த்து வைத்துக் கொள்ளத்தக்கது.

பாம்புக் கடி, மரத்திலிருந்து விழுதல், பூச்சிமருந்து தெளிக்கும்போது மயக்கம் ஆகியவற்றுக்கு மருத்துவமனை சென்றால், எங்கே, எப்படி நேர்ந்தது என்பதை முதல் நாளே டாக்டரிடம் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யச் செய்யுங்கள். குறிப்பாகப் பூச்சிமருந்து விஷயத்தில் "தெளிக்கும்போது நேர்ந்தது" என்ற குறிப்பு சீட்டில் இருப்பது, பின்னால் எழக்கூடிய ஐயத்தைத் தவிர்க்கும்.

மருத்துவமனையில் சேரும்போது

பாலிசி அட்டை, ஆதார் அட்டை இரண்டின் நகலையும் வீட்டில் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். சேர்ந்தவுடன் காப்பீட்டுப் பிரிவில் அட்டையைக் காட்டுங்கள். 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவமனையின் கோரிக்கை கிடைத்த ஒரு மணி நேரத்திற்குள் நிறுவனம் முன் அனுமதி பற்றி முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திற்குள் தர வேண்டும். சீட்டு, ரசீது, பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் அறிக்கை அனைத்தையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

பணம் மறுக்கப்பட்டால்

மறுப்பதற்கான காரணத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் புகார் செய்யலாம். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

அடுத்த முறை ஏஜெண்டு வீட்டுக்கு வரும்போது, மேற்கூறிய நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக் கொண்டு, பாலிசிப் புத்தகத்தில் அவற்றுக்கான பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக மட்டும் வரும் பதிலைக் கணக்கில் எடுத்துக் கொள்ள வேண்டாம். நான்கிற்கும் எழுத்தில் விடை கிடைத்த பாலிசியையே, குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருக்கும் இந்நாளிலேயே தேர்ந்தெடுங்கள்.