ஆலய முற்றத்தில் ஊர்ப் பாட்டு

சமயம் சாராத இசைக்கு தேவாலயங்கள் கதவு திறக்கலாமா? மேற்கு நாடுகளில் ஆள் சேர்ப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி இது. கார் நிக்கோபாரில் இதற்கு அர்த்தமே வேறு.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் ஆங்கிலிக்கன் ஆலயம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விவால்டி கேட்க டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் வருகிறது. யார் ஜெபிக்க வந்தவர், யார் வயலினுக்காக மட்டும் வந்தவர் என்று எவரும் கேட்பதில்லை. உலகப் புகழ்பெற்ற ஒரு சேம்பர் இசைக்குழுவே இந்த ஆலயத்தின் பெயரைச் சுமந்து 1958ல் உருவானது.

எல்லா சபைகளும் இப்படி தாராளமாக இல்லை. வாத்திகன் 1987 நவம்பரில் அனுப்பிய சுற்றறிக்கை, தேவாலயம் வெறும் பொது அரங்கம் அல்ல என்று எச்சரித்தது. அங்கே நடக்கும் கச்சேரிக்கு அனுமதி இலவசமாக இருக்க வேண்டும். கலைஞர்கள் பலிபீடப் பகுதியில் நிற்கக் கூடாது. உலகியல் இசை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஆலயத்துக்குப் பொருந்தாது என்பது அதன் சாரம். இங்கிலாந்து திருச்சபையின் விதி சற்று நெகிழ்வானது. சொற்களும் இசையும் கடவுளின் இல்லத்துக்கு ஏற்றவையா என்று பார்க்கும் பொறுப்பை அது குருவானவரிடமே விட்டுவிடுகிறது.

இந்த விவாதத்தின் பின்னணியில் இருப்பது காலி இருக்கைகள். கார் நிக்கோபாரில் அந்தக் கவலை இல்லை. சுமார் 127 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் தீவின் மக்கள் தொகை, 2011 கணக்கெடுப்பின்படி 17,841. பெரும்பாலோர் நிக்கோபாரி பழங்குடியினர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 1956ம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெளியார் நுழைய முடியாது. ஆக, கச்சேரி வைத்து வெளியிலிருந்து யாரையும் ஈர்க்க வேண்டிய அவசியமும் இல்லை, வாய்ப்பும் இல்லை. இங்கே ஊர்தான் சபை, சபைதான் ஊர்.

அப்படி ஆனதில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. 1890களில் முஸ் கிராமத்தில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமன் என்ற உபதேசியார்தான் அவர். அவரிடம் படித்து, பர்மாவுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பிய நிக்கோபாரிச் சிறுவன்தான் பின்னாளில் பிஷப் ஆன ஜான் ரிச்சர்ட்சன். தீவின் கிறிஸ்தவ வரலாறும் அரசியல் வரலாறும் அவரிடம் சந்திக்கின்றன. புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தவர். 1952ல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகச் சென்றவர். 1978ல் இறந்தார்.

ரிச்சர்ட்சன் காலத்தில் தீவே ஏறக்குறைய மதம் மாறியது. ஆனால் பழைய வாழ்க்கை ஆலய வாசலில் கழற்றிப் போடப்படவில்லை. பன்றி விருந்து தொடர்ந்தது. படகுப் பந்தயம் தொடர்ந்தது. ஆணும் பெண்ணும் பக்கத்தில் நிற்பவர் தோளில் கை போட்டு, வட்டமாக நின்று பாடியபடி ஆடும் நடனமும் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஞானப்பாட்டு; விருந்து இரவில் வெளியே ஊர்ப் பாட்டு. இரண்டையும் பாடியது ஒரே தொண்டைதான்.

ஊர்ப் பாட்டுக்கு என்று ஓர் இடமும் இருந்தது: எல்பனம். கடலோரத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் உரிய பொதுவெளி அது. படகுகள், பொதுக் குடில்கள், விருந்து, கூட்டம் எல்லாம் அங்கேதான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி முதலில் விழுங்கியது இந்தக் கரையோரத்தைத்தான். உயிர் தப்பியவர்கள் உள்பகுதிக்கு நகர்ந்தார்கள். முதலில் தகரக் கொட்டகைகள், பின்னர் அரசு கட்டிக் கொடுத்த நிரந்தர வீடுகள். வீட்டை அரசாங்கம் கட்டித் தரலாம். தலைமுறைகள் ஆடி மிதித்த மண்ணை எந்த ஒப்பந்தக்காரரும் கட்டித் தர முடியாது.

கச்சேரி பற்றிய கேள்வி இங்கே வேறு உருவம் எடுப்பது இதனால்தான். ஆலயத்துக்குக் கூட்டம் சேர்க்க இசை தேவையா என்பதல்ல கேள்வி. இசையைக் காப்பாற்ற ஆலயம் தேவையா என்பதே. ஊர் முழுவதும் கூடுகிற, நிழலும் முற்றமும் உள்ள இடம் ஆலயம். பாடகர் குழுக்களில் பயின்ற இளைஞர்களுக்குக் குரல் தயாராக இருக்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் முற்றத்தில் ஒரு மாலைப் பொழுதை ஊர்ப் பாட்டுக்கு ஒதுக்கினால் என்ன?

ஆட்சேபங்களையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஊர்ப் பாட்டுகள் எல்லாமே சமயம் சாராதவை அல்ல. இறந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்து மரியாதை செய்யும் பெருவிருந்து போன்ற சடங்குகளின் வேர், கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஆவி நம்பிக்கைகளில் இருக்கிறது. அவற்றோடு சேர்ந்த பாட்டை ஆலயம் ஏற்றால் எதை ஏற்கிறது? இது விசுவாசிகளின் நியாயமான கேள்வி. மறுபுறம், பாட்டின் பக்கமும் ஓர் அச்சம் உண்டு. விடிய விடிய நீளும் வட்ட நடனம், அரசு விழாக்களில் செய்வது போல பத்து நிமிட மேடை நிகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டால், காப்பாற்றியதாகச் சொல்வதில் பொருளில்லை.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்தப் பாதையில் முன்பே நடந்தவர்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) ஊரறிந்த குறவஞ்சி வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். அவரது கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு கிராமிய மெட்டுகளை வழிபாட்டுக்கே கொண்டுவந்தார். ஆனால் இருவரும் செய்தது மெட்டை எடுத்துச் சொல்லை மாற்றியது. கார் நிக்கோபாரில் காப்பாற்ற வேண்டியதில் சொல்லும் அடக்கம். படகு, கடல், விருந்து, முன்னோர் பற்றி நிக்கோபாரி மொழி சேர்த்து வைத்திருக்கும் சொற்கள் அந்தப் பாட்டுகளில்தான் இருக்கின்றன.

நடைமுறையில் வழி இல்லாமல் இல்லை. பீடம் வழிபாட்டுக்கு, முற்றம் ஊருக்கு என்று எல்லை வகுக்கலாம். எந்தப் பாட்டு என்பதை கிராமத் தலைவர்களும் குருவானவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். கட்டணம் கூடாது. மேடையும் வேண்டாம், வட்டம் போதும். கூடவே, எல்பனங்களை மீட்கும் முயற்சியும் நிற்கக் கூடாது. முற்றம் தற்காலிகப் புகலிடமாக இருக்கலாம். கடற்கரைக்கு மாற்றாகிவிடக் கூடாது.

லண்டன் ஆலயத்தில் கச்சேரி முடிந்ததும் கூட்டம் கலைந்து அவரவர் ரயிலைப் பிடிக்கிறது. கார் நிக்கோபாரில் வட்டம் கலைந்தாலும் யாரும் எங்கும் போய்விடுவதில்லை. மறுநாள் காலை அதே முகங்கள் அதே ஆலயத்தில் ஞானப்பாட்டுக்கு எழுந்து நிற்கும். முந்தைய இரவின் பாட்டும் அவர்களுக்கு நினைவிருக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.