ஒரு அணா டிபன் தந்த நகரம்

ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படித்தவர்கள் பரம ஏழைகளின் பிள்ளைகள். வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அவர்கள் பள்ளிப் பக்கம் வருவதில்லை. பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த 1920-ல், பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவழித்து அங்கே டிபன் போட மன்றம் ஒப்புக்கொண்டது. இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் பரவிய திட்டத்தை, ஆரம்பக் கல்விப் பணத்தில் இந்தச் செலவு கூடாது என்ற அன்றைய அரசின் மறுப்பு 1925-ல் நிறுத்திவிட்டது. ஐந்தே ஆண்டு நடந்தாலும் அதை நான் பெரிதாக நினைக்கிறேன். பிள்ளையின் பசி பெற்றவள் பாடு மட்டுமல்ல, ஊர்ப் பொறுப்பும்கூட என்று ஒரு நகரம் தீர்மானம் போட்டு ஒப்புக்கொண்ட நேரம் அது.

அந்தப் பொறுப்பு முழுதாகக் கைகூட வெகுகாலம் ஆயிற்று. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சென்னையின் குழந்தைகள் வார்டு இன்றைய இளந்தாய்களுக்குக் கற்பனையில்கூட வராது. எலும்பும் தோலுமான சவலைப் பிள்ளைகள் ஒரு பக்கம். புரதம் இல்லாமல் கால் வீங்கி, தலைமயிர் செம்பட்டையாகித் தோல் உரிந்த பிள்ளைகள் இன்னொரு பக்கம். வீக்கத்தைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டது என்று பாட்டிமார் ஏமாந்ததும் உண்டு. மாலைக்கண்ணில் தொடங்கிக் கருவிழியே உருகிப்போய்ப் பார்வை இழந்தவர்கள், கக்குவான் இருமலில் நீலம் பாரித்தவர்கள், தொண்டை அடைப்பானில் மூச்சு முட்டியவர்கள். தட்டம்மை வந்தால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அம்மை இறங்கிய பிறகு வரும் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். 1971-ல் தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை.

2020-ல் அந்த எண்ணிக்கை 13.

நூறு சாவு தவிர்க்கப்பட்டதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. 1978-ல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் வந்தது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வயிற்றுப்போக்குச் சாவைத் தடுக்கும் என்பது கைமருந்தாகவே பரவியது. காமராஜர் ஐம்பதுகளில் பரவலாக்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. 1995 டிசம்பரில் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து நாட்களை நாற்பது வயதைத் தாண்டிய எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கோயில் வாசல், பஸ் ஸ்டாண்ட், ரயிலடி என்று எங்கும் பந்தல். பிள்ளையின் சுண்டுவிரலில் மை. காலில் இரும்புப் பட்டை கட்டி நடக்கும் சிறுவர்களை ஒவ்வொரு தெருவிலும் பார்த்த தலைமுறை நாங்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் எந்தப் பிள்ளைக்கும் இயற்கையான போலியோ வைரஸால் கால் சூம்பவில்லை. 2014-ல் நாடு போலியோ அற்றதென்று சான்று கிடைத்தது.

இவற்றிலெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. பிள்ளை வரட்டும் என்று அரசு காத்திருக்கவில்லை. ஆயாவும் செவிலியரும் வீடு தேடிப் போனார்கள். சோறு பள்ளிக்கு வந்தது. வராத பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொண்டு மறுநாள் கதவைத் தட்டினார்கள்.

இப்போது வேறு நோய்கள் வந்திருக்கின்றன, அவற்றுக்காக யாரும் கதவைத் தட்டுவதில்லை. மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் சென்னைப் பள்ளிகளில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை எடை பார்த்து 2014-ல் வெளியிட்ட ஆய்வை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். அரசுப் பள்ளிகளில் 3.6 விழுக்காடு. ஒரே நகரம், ஒரே வெயில், ஒரே தண்ணீர் லாரி. பிள்ளையின் உடம்பு எந்தப் பள்ளி கேட்டுக்குள் போகிறது என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. பிடரியில் கருப்புப் படிந்த பிள்ளையை அம்மாக்கள் அழுக்கு என்று தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். பல பிள்ளைகளிடம் அது இன்சுலின் உடம்பில் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். நடுவயதுக்காரர் நோய் என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த சர்க்கரை, பதின்வயதினரிடம் வருவதற்கு முன் காட்டும் அறிகுறி.

எதிர்ப்பக்கம் ஒன்றும் ஆறுதலாக இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு பிள்ளை வயதுக்குரிய உயரம் இல்லாதது. நகரத்துக் குடிசைகளிலிருந்து 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். வேலை நகரத்திலேயே இருக்க, வீடு தொலைவுக்குப் போய்விட்டது. விடியுமுன் பஸ் பிடிக்கும் தாய் பிள்ளை கையில் பத்து ரூபாய் வைத்துவிட்டுப் போகிறாள். அது அஞ்சு ரூபா பாக்கெட் இரண்டாகிறது. ரத்தசோகையும் பாமாயிலும் ஒரே உடம்பில் சேர்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை அதனால்தான் மனமார வரவேற்கிறேன். ஏழு மணிக்குத் தாய் வீட்டில் இல்லாத பிள்ளைக்குச் சுடச்சுடக் கிச்சடி கிடைப்பது, அந்த ஒரு அணா டிபனின் நேர் வாரிசு.

ஆனால் வேலி தாண்டி ஓடிய உடம்புக்கு என்ன மாற்று? கில்லி, பம்பரம், ஐஸ்பாய் என்று இருட்டும்வரை தெருவில் கிடந்தவர்களுக்கு வெளிச்சமே கண் மருந்தாக இருந்தது. சீனாவின் குவாங்சோ நகரில் பள்ளி நேரத்தில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டு மூன்றாண்டு பார்த்தார்கள். கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றப் பள்ளிகளில் 39.5. நம் ஊரில் கார் நிற்காத தெரு கிடையாது. பல பூங்காக்களில் பெரியவர்கள் நடக்கப் பாதை இருக்கிறது, பந்து விளையாடக் கூடாது என்ற பலகையும் இருக்கிறது. விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார். நாலரை மணிக்குமேல் டியூஷன்.

எடை கூடிய பிள்ளையைத் திட்டுவதும், செல்போனைப் பிடுங்குவதும், பெற்றோரைக் குறை சொல்வதும் எளிது. சவலைப் பிள்ளையின் தாயை நாம் அப்படி விட்டுவிடவில்லை, சோறு போட்டோம். கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. மாநகராட்சிப் பள்ளிகள் பலவற்றில் அந்த இடம் இருக்கிறது. மாலையானதும் கேட்டுக்குப் பூட்டு. நான்கு மணி முதல் ஏழு மணி வரை அதைத் திறந்து, ஒரு பயிற்சியாளரையும் ஒரு விளக்கையும் குடிதண்ணீரையும் வைத்து, அந்த வட்டத்தின் எல்லாப் பிள்ளைகளையும், தனியார் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்தே, உள்ளே விட மன்றம் ஒரு தீர்மானம் போடலாம். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கேயே எடையும் உயரமும் கண்ணும் பார்க்கலாம். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆயாவை அனுப்பலாம்.