புதிய நகரில் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி: சேர்க்கைக்கு முன் பெற்றோர் விசாரிக்க வேண்டியவை என்ன?

புது தில்லி: பணியிட மாறுதல் ஆணை கைக்கு வந்ததும், வீடு பார்ப்பதற்கு முன்பே குழந்தைக்குப் பள்ளி பார்க்கும் குடும்பங்கள் நாட்டின் எல்லாப் பெருநகரங்களிலும் உண்டு. புதிய ஊரில் அவர்களில் பலர் முதலில் விசாரிப்பது கத்தோலிக்கப் பள்ளிகளையே. கிறிஸ்தவர்கள் மட்டுமின்றிப் பிற சமயத்தவரும் இப்பள்ளிகளை நாடுகின்றனர். பழகிய பெயர், அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளி என்ற நம்பிக்கை, ஒழுங்கு குறித்த எதிர்பார்ப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள். ஆனால், கல்வி உரிமைச் சட்டம் துணை நிற்கும் என்று நம்பிச் செல்லும் பெற்றோர், அந்தச் சட்டம் இப்பள்ளிகளின் வாயிலோடு நின்றுவிடுவதைச் சேர்க்கை நேரத்தில்தான் அறிந்துகொள்கின்றனர்.

சட்டம் எதுவரை செல்லும்?

கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டது. சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல், தேர்வு வைப்பதை இச்சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25 ஆயிரம் ரூபாய் வரையிலும், அதன் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50 ஆயிரம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு 25 சதவீத இடங்களை ஒதுக்கச் சொல்வது 12-ஆவது பிரிவு.

இந்தப் பிரிவுகள் எவையும் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு 2012-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் விலக்கு அளித்தது. 2014 மே மாதம் பிரமதி அறக்கட்டளை வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு, உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அளிக்கும் அரசமைப்பின் 30-ஆவது பிரிவே இதற்கு அடிப்படை. இத்தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஐயம் எழுப்பி, கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதில் முடிவு வராதவரை 2014 தீர்ப்பே செல்லும்.

ஆகவே, சிறுபான்மைத் தகுதி பெற்ற கத்தோலிக்கப் பள்ளி பெற்றோரை நேர்காணலுக்கு அழைத்தால், அதை எதிர்த்து இச்சட்டத்தின் கீழ் புகார் அளிப்பதில் பயனில்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் குழந்தையைச் சேர்க்க வேண்டும் என்ற 5-ஆவது பிரிவும் இங்கு உதவாது. அந்தப் பிரிவு அரசுப் பள்ளி அல்லது உதவி பெறும் பள்ளிக்கு மாறும் குழந்தைகளுக்கானது; உதவி பெறாத பிற தனியார் பள்ளிகள்கூட அதில் அடங்குவதில்லை. அதேவேளை, சிறுபான்மைப் பள்ளி என்பதால் கட்டாய நன்கொடைக்கு அனுமதி கிடைத்துவிடாது. 2002-ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவுபடுத்தியுள்ளது.

பெயரில் புனிதர் இருந்தால் போதுமா?

எனவே, பள்ளியை நடத்துவது யார் என்பதே முதலில் விசாரிக்க வேண்டியது. பெயர்ப் பலகையில் புனிதர் பெயர் இருப்பதாலோ, 'கான்வென்ட்' என்று எழுதியிருப்பதாலோ அது கத்தோலிக்கப் பள்ளி ஆகிவிடாது. கான்வென்ட் என்பது கன்னியர் வாழும் மடத்தைக் குறிக்கும் சொல். கன்னியர் ஒருவர்கூட இல்லாத தனியார் பள்ளிகளும் இன்று அச்சொல்லைச் சூட்டிக்கொள்கின்றன. கிறிஸ்தவப் பள்ளிகள் எல்லாம் கத்தோலிக்கப் பள்ளிகளும் அல்ல. பெங்களூருவின் பிஷப் காட்டன் பள்ளிகள் தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தவை. மும்பையின் கதீட்ரல் அண்ட் ஜான் கானன் பள்ளி ஆங்கிலிக்கன் மரபில் தோன்றியது.

கத்தோலிக்கப் பள்ளிகளிலும் இருவகை நிர்வாகம் உண்டு. ஒன்று மறைமாவட்டம் நேரடியாக நடத்துவது. மற்றது துறவற சபைகள் நடத்துவது. மும்பையில் 1869-இல் தொடங்கிய புனித சவேரியார் பள்ளி இயேசு சபையினருடையது. தில்லியின் செயின்ட் கொலம்பா பள்ளியை 1941-இல் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை தொடங்கியது. கொல்கத்தாவில் லொரேட்டோ சகோதரிகளின் கல்விப் பணி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடர்கிறது. பழைய ஊரில் ஒரு சபையின் பள்ளியில் படித்த குழந்தைக்குப் புதிய ஊரில் அதே சபையின் பள்ளியில் தானாக இடம் கிடைத்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படி உரிமை ஏதும் இல்லை. பழைய பள்ளி முதல்வரின் பரிந்துரைக் கடிதம் உதவலாம், அவ்வளவே.

பள்ளிக்குச் சிறுபான்மைத் தகுதி உள்ளதா என்பதை நிர்வாகத்திடமே கேட்கலாம். 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கான தேசிய ஆணையம் இதற்கான சான்றிதழ் வழங்குகிறது.

பங்குத்தந்தையின் கடிதம்

சிறுபான்மைத் தகுதி கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் சாதகமாகவும் அமைகிறது. பல பள்ளிகள் தம் சமூகக் குழந்தைகளுக்கு முன்னுரிமை அளிக்கின்றன. அதற்குத் திருமுழுக்குச் சான்றிதழும், பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கப்படும். புதிதாகக் குடியேறியவர்கள் தடுமாறுவது இந்தக் கடிதத்தில்தான். பங்கில் பதிவு செய்யாத குடும்பத்துக்குப் பங்குத்தந்தை கடிதம் தரத் தயங்குவது இயல்பு. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே புதிய பங்கில் பெயர் பதிவு செய்துகொள்வதும், பழைய பங்கிலிருந்து அறிமுகக் கடிதம் வாங்கி வருவதும் நல்லது. புதுநன்மைக்கான தயாரிப்பு தொடக்கப் பள்ளிப் பருவத்திலேயே வருவதால், மறைக்கல்வி பள்ளியில் நடக்கிறதா, பங்கில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

பிற சமயப் பெற்றோர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: என் குழந்தை செபத்தில் கலந்துகொள்ள வேண்டுமா? பெற்றோரின் இசைவின்றி எந்தக் குழந்தையையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக் கூடாது என்று அரசமைப்பின் 28(3)-ஆவது பிரிவு கூறுகிறது. இது அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாப் பள்ளிகளுக்கும், சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் பொருந்தும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், பிற சமய மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்கக் கூடாது என்றும், காலைக் கூட்டத்தில் அரசமைப்பின் முகவுரையை வாசிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. நடைமுறையில் பல பள்ளிகளில் கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும், மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பும் நடைபெறுகின்றன.

வயதும் மொழியும்

மாநிலம் மாறும்போது பள்ளியைவிடப் பெரிய சிக்கலைத் தருவது வயது வரம்பு. முதல் வகுப்புக்கு 6 வயது நிறைவடைய வேண்டும் என்று தேசிய கல்விக் கொள்கை கூறுகிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் இதைப் பின்பற்றுகின்றன. மாநிலங்கள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தேதிகளைக் கணக்கில் கொண்டு இதற்கு மாறி வருகின்றன. கர்நாடகம் 2025-26-இல் 6 வயதைக் கட்டாயமாக்கி, பின்னர் அந்த ஓராண்டுக்கு மட்டும் 5 வயது 5 மாதமாகத் தளர்த்தியது. ஒரு மாநிலத்தில் முதல் வகுப்புக்குத் தயாரான குழந்தை, இன்னொரு மாநிலத்தில் மீண்டும் யுகேஜியில் அமர நேரிடலாம்.

மொழியையும் பள்ளி மட்டும் முடிவு செய்வதில்லை. கர்நாடகத்தில் கன்னடம், கேரளத்தில் மலையாளம், தெலங்கானாவில் தெலுங்கு, மகாராஷ்டிரத்தில் மராத்தி ஆகியவற்றைப் பள்ளிகளில் கற்பிக்கச் சட்டங்கள் உள்ளன. எனவே மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேரும் குழந்தைக்கு, அறியாத எழுத்தை அரிச்சுவடியிலிருந்து சொல்லித் தர ஏற்பாடு உண்டா என்று கேட்பது, ஆய்வகத்தையும் விளையாட்டுத் திடலையும் சுற்றிப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது.

இடம் எப்போது கிடைக்கும்?

நர்சரி அல்லது எல்கேஜியில் தொடங்கும் பள்ளிகளில், மேல் வகுப்புகளுக்குத் தனிச் சேர்க்கை நடப்பது அரிது. வேறு குழந்தைகள் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றால்தான் இடம் காலியாகும். அது மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் தெரியவரும். தில்லியில் நர்சரி சேர்க்கை முந்தைய நவம்பர், டிசம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. மேற்கு வங்க மாநில வாரியப் பள்ளிகளுக்கோ கல்வியாண்டு ஜனவரியில் பிறக்கிறது.

பழைய ஊரைவிட்டுக் கிளம்பும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உள்ளது. மாணவர் விவரங்கள் இப்போது மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் நிரந்தரக் கல்வி எண்ணுடன் பதிவாகின்றன. பழைய பள்ளி அந்தத் தளத்தில் குழந்தையை விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். மாற்றுச் சான்றிதழை வாங்கும்போதே, அதில் அந்த எண் சரியாக உள்ளதா, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ளபடி பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்துக்கொண்டால், ஓர் எழுத்துப் பிழைக்காகப் பல நூறு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்காது.