திண்ணையில் இருக்கும் கிருமி

டீ டம்ளரைக் கையில் வாங்கிய அக்கா அதைக் குடிக்கவில்லை. பையிலிருந்து லேப் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். பல வருடமாக எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறவர். தொடையில் கட்டிமேல் கட்டி வந்ததால் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதித்திருக்கிறார்கள். ‘எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளது’ என்றிருந்தது.

“தம்பி, இது இன்னொரு எச்.ஐ.வி.யா?”

“இல்லவே இல்லக்கா” என்று தொடங்கினேன். நான் கிருமி பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். அவருக்குச் சொன்னதை, கேட்கத் தயங்குகிற மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி மைக்ரோஸ்கோப்பில் திராட்சைக் குலை போலத் தெரியும். நூறு பேரைப் பரிசோதித்தால் சுமார் முப்பது பேர் மூக்கில் இருக்கும். திண்ணையில் வந்து உட்காரும் வழிப்போக்கனைப் போல, பெரும்பாலோரை அது தொந்தரவு செய்வதில்லை. கீறல், சிரங்கு என்று கதவு திறந்தால் உள்ளே நுழையும். கட்டியாகும், சீழ் பிடிக்கும், சில சமயம் ரத்தத்திலும் கலக்கும். மூக்கில் எடுத்த ரிப்போர்ட் சொல்வது, திண்ணையில் ஆள் இருக்கிறது என்பதை மட்டுமே.

அக்கா மூக்கில் இருந்த ஆள் மருந்துக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை என்பதுதான் கவலை. பெனிசிலின் வகை மருந்துகள், கிருமியின் சுவரைக் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்து நிறுத்துகின்றன. எம்.ஆர்.எஸ்.ஏ.விடம் இன்னொரு கொத்தனார் உண்டு. மருந்தின் பிடி அவர் கையில் நிற்காது. பெனிசிலின் வகையில் ஒன்றான மெத்திசிலின் வந்தது 1959இல். 1961இலேயே அதற்கு அடங்காத கிருமி இங்கிலாந்தில் பதிவாகிவிட்டது.

லேபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிருமியைப் பூசிய தட்டில் பொட்டு அளவு செஃபாக்ஸிடின் மருந்து டிஸ்க்கை வைத்து, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். காலையில் டிஸ்க்கைச் சுற்றி எதுவும் வளராத வட்டத்தை ஸ்கேலால் அளப்போம். 22 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து கேட்கும். 21ஓ அதற்குக் கீழோ என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ.

“எனக்கு ஏன் வந்துச்சு?”

எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இது கூடுதலாகத் தென்படக் காரணங்கள் உண்டு: அடிக்கடி ஆஸ்பத்திரி வாசம், அடுத்தடுத்து ஆன்டிபயாட்டிக், சொறிந்து புண்ணான தோல், சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்கள் குறைந்திருந்த காலம். இதில் எதுவும் அவர்கள் செய்த குற்றம் அல்ல.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது. கட்டியைப் பிதுக்கக்கூடாது, சீழை டாக்டர் கீறி எடுப்பதே பாதி வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் தானாக ஆன்டிபயாட்டிக் வாங்கக்கூடாது. துண்டு, பிளேடு இரண்டும் தனித்தனி. புண்ணை மூடி வைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூக்கில் தடவும் முப்பிரோசின் களிம்பு எல்லாருக்கும் தேவையில்லை. டாக்டர் சொன்னால், சொன்ன நாள் வரைக்கும் மட்டும். காய்ச்சலோ, சிவப்பு பரவுவதோ தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

“பேத்திய மடியில வெச்சுக்கலாமா?”

“புண்ணை மூடிக்கிட்டு, கை கழுவிட்டு, தாராளமா வெச்சுக்குங்கக்கா.”

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த பயம் பழையது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அதன்பின் எத்தனை வீடுகளில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள்! தட்டிலும் டம்ளரிலும் எச்.ஐ.வி. தொற்றாது என்று புரியவைக்க எத்தனை வருடம் ஆயிற்று! இந்தக் கிருமியின் பெயரைச் சொல்லி அந்தப் பழக்கம் திரும்பி வரக்கூடாது.

டீயைக் குடித்து முடித்த அக்கா, “டம்ளரை நானே கழுவி வெச்சிடறேன்” என்று எழுந்தார். நான் வாங்கி, எங்கள் டம்ளர்களோடு சேர்த்துத் தொட்டியில் போட்டேன்.