காட்டைக் காத்தவன் கள்வனா?

வடதுருவப் பனிநாட்டிலே இனுயிட் மக்கள் வாழ்கின்றனர். கடலுக்கொரு தாய் உண்டு, பெயர் செட்னா. முறைகெட்டு வேட்டையாடினால் சினந்து விலங்குகளை ஒளித்துவிடுவாள் என்பது அவர்தம் முன்னோர் நம்பிக்கை. இன்றைய சூழலியல் எழுத்தாளர்கள் அதனைப் போற்றுகின்றனர். போற்றட்டும்!

ஆனால் கம்பத்துத் தோழர்களே, கிழக்கே பாருங்கள்! மேகமலையிலும் வருசநாட்டிலும் வாழும் பளியர் யார்? காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டினாலும், மீண்டும் தழைக்கட்டுமென்று அதன் தலைப்பகுதியை மண்ணிலேயே புதைத்து வருபவர்கள். வனதேவதையை வணங்கித் தேனெடுப்பவர்கள். மூடநம்பிக்கை என்று நகைக்கிறீர்களா? கும்பிடுவதை விடுங்கள், செயலைப் பாருங்கள். நாளையும் பிள்ளைக்குக் கிழங்கு வேண்டுமென்ற கணக்கல்லவா அது!

2021இல் ஸ்ரீவில்லிப்புத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. புலி வாழட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்காகப் பளியர் அஞ்சி வாழ வேண்டுமா? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? தேனும் கிழங்கும் எடுப்பது அவர்கள் உரிமை. கிராமசபையின் ஒப்புதலின்றி அவர்களைக் குடிபெயர்க்க முடியாது.

சட்டம் ஏட்டில் உறங்கினால் வயிறு நிறையுமா? கிராமசபை கூடும் நாளில் பளியர் பக்கத்தில் போய் நில்லுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக்கொடுங்கள். துருவத்தின் தாயைப் புகழும் உலகம், மேகமலையின் மக்களை மறக்கலாமா?