வெளியே தளதள மாம்பழம், உள்ளே நெளியும் புழு: பொறி வைத்தும் பழ ஈ ஒழியாதது ஏன்?

கிருஷ்ணகிரி:
பார்த்தால் தளதளவென்று மஞ்சள் மாம்பழம். கத்தி வைத்து நறுக்கினால் உள்ளே நெளியும் வெள்ளைப் புழு. மாம்பழத்துக்கு பேர் போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சீசன் வந்தாலே இந்த தலைவலியும் வந்து விடுகிறது. மண்டியில் நாலு பழம் இப்படி சிக்கினால் போதும், மொத்த லோடுக்கும் விலை போச்சு.

இந்த வேலையை செய்வது வீட்டு ஈயை விட சற்றே பெரிய பழ ஈ. பார்க்க குட்டிக் குளவி போல இருக்கும். பெண் ஈ, வால் நுனி ஊசியால் பழத்தோலை துளைத்து முட்டை வைக்கிறது. ஓரிரு நாளில் புழு வெளிவந்து சதையை தின்கிறது. கொழுத்த புழு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக பறக்கிறது. ஒரு பெண் ஈ ஆயிரம் முட்டைக்கு மேல்கூட வைக்கும்!

நாடு விட்டு நாடு

ஆசியாவை பூர்வீகமாக கொண்ட இந்த ஈ, 2003-ல் கென்யாவில் தென்பட்டு ஆப்பிரிக்கா முழுக்க பரவியது. புது இனம் என்று நினைத்து 2005-ல் தனிப்பெயரே சூட்டினார்கள். நம்ம ஊரு ஈதான் அது என்று முடிவானது 2015-ல்.

இந்தியாவில் இருந்து போன சரக்குகளில் பழ ஈ போன்ற பூச்சிகள் சிக்கியதால், 2014 மே மாதம் மாம்பழம், கத்தரி, பாகல், புடலை, சேப்பங்கிழங்கு ஆகியவற்றுக்கு ஐரோப்பிய யூனியன் தடை போட்டது. மாம்பழத்துக்கு மட்டும் 2015 தொடக்கத்தில் தடை நீங்கியது. முட்டையும் புழுவும் சாக, பழங்களை 48 டிகிரி வெந்நீரில் 1 மணி நேரம் மூழ்க வைக்கிறார்கள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ரெட்லேண்ட்ஸ் நகரில் 2024-ல் 2 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகளில் மரத்தில் இருந்த பழங்களை அரசு ஆட்களே பறித்து அப்புறப்படுத்தினர். வெளிநாட்டு மகனுக்கு பையில் நாலு பழம் ஒளித்து அனுப்பும் பாசக்காரர்களை விமான நிலையத்தில் மடக்குவது சும்மா இல்லை.

சிக்குவது ஆண் ஈ மட்டுமே

தோட்டத்தில் தொங்கும் பழ ஈ பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால். இந்த வாசனைக்கு மயங்கி வருவது ஆண் ஈதான். பொறி நிறைய ஈ செத்து கிடந்தால் "ஒழிஞ்சது சனியன்" என்று பலர் நிம்மதியாகி விடுகிறார்கள். அங்கேதான் ஏமாற்றம். தப்பிய ஒரு ஆண் ஈயே பல பெண் ஈக்களுக்கு போதும். பக்கத்து தோட்டத்தில் இனச்சேர்க்கை முடித்த பெண் ஈ பறந்து வந்தால் பொறி ஒன்றும் செய்யாது.

பசிபிக் கடலில் உள்ள ரோட்டா தீவில் 1960-களில் இதே மருந்தில் ஊறவைத்த அட்டைகளை விமானத்தில் இருந்து போட்டு ஈயை அடியோடு ஒழித்தார்கள். அது நாலு பக்கமும் கடல். இங்கே நாலு பக்கமும் அடுத்தவர் தோட்டம்! ஊரே சேர்ந்து ஒரே சமயத்தில் பொறி வைத்தால்தான் பலன்.

அதை விட முக்கியம், மரத்தடியில் விழுந்து அழுகும் பழம். இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. குத்தகைக்காரர் நல்ல காயை பறித்துக்கொண்டு கிளம்பி விட, தோட்டக்காரரும் கவனிக்காமல் விட்டால் அடுத்த தலைமுறை ஈ அங்கேயே தயார். விழுந்த பழங்களை அன்றன்றைக்கே பொறுக்கி, பிளாஸ்டிக் பையில் இறுக கட்டி வெயிலில் போட்டாலே உள்ளே இருக்கும் புழு வெந்து சாகும். கோடையில் மரத்தடியை உழுது விட்டால் மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழு மேலே வந்து காயும், மிச்சத்தை கோழியும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.